மழைக் கங்காணி

எங்கள் குடியிருப்பில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மழைக் கங்காணி என்பார்கள். முதலில் கேலிக்குச் சொன்னது. இரண்டு வருஷத்தில் அதுவே ஒட்டிக்கொண்டது. சந்திரிகா என்று அழைப்பது என் புருஷன் ஒருவர்தான். அதுவும் ஏதாவது காரியம் ஆக வேண்டியிருந்தால்.

குடியிருப்பு என்றால் கண்டிப் பக்கம் மடுல்கெல்லைக்கு மேலே, முந்தித் தேயிலையாக இருந்து பிறகு காடாகிப்போன ஒரு சரிவு. மண்சரிவில் தோட்டத்து லயத்து வீட்டை இழந்தவர்களுக்கும், இனிமேல் இழக்கலாம் என்று கடிதம் வந்தவர்களுக்கும் அங்கே வீடு கட்டிக் கொடுத்தார்கள். பெயர்ப்பலகையில் சிங்களத்தில் அழகான பெயர் ஒன்று இருக்கிறது. நாங்கள் நாற்பது வீடு என்போம். எண்ணிப் பார்த்தால் முப்பத்தெட்டுதான். மீதி இரண்டும் எங்கே போயின என்று கேட்க எங்களில் யாருக்கும் தெம்பில்லை.

வீட்டுக்கு ஏழு பேர்ச் நிலம். அது போகப் பின்னால் பயிர் செய்ய இருபது பேர்ச். டோசர் விட்டு மட்டம் பார்த்தபோது மேல்மண்ணையெல்லாம் கீழே தள்ளிவிட்டார்கள், எங்களுக்கு மிஞ்சியது செங்களியும் கல்லும். வத்தேகமப் பக்கத்திலிருந்து மாட்டுச்சாணியை உரபேக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைப் பின்னால் போகச் சொன்னான். முதல் வருஷம் போட்ட கறிமிளகாய் சுண்டுவிரல் அளவுக்குக் காய்த்தது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு மண்ணைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று ஓர் அதிகாரி கூட்டத்தில் சொன்னார், எல்லோரும் கைதட்டினோம். உண்மையில் எங்களுக்குத் தெரிந்தது ஆளுக்கு ஒரு வேலை. நான் கொழுந்து எடுப்பவள். என் புருஷன் ராஜலிங்கம் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவர். எந்த மலையில் என்ன வேலை என்பதைக் காலையில் பெரட்டுக்களத்தில் கங்காணி ஆளை எண்ணிப் பிரித்துச் சொல்வார், நாங்கள் போய்ச் செய்வோம். சொல்லாத வேலையைச் செய்து பழக்கமில்லை. இங்கே வந்த முதல் வாரம் விடியக்காலையில் எல்லோரும் எழுந்து, முகம் கழுவி, அவரவர் வாசலில் நின்றோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு மணி வரைக்கும் நின்றுவிட்டு உள்ளே போனோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

பிறகு மண்சரிவு ஆபீஸிலிருந்து ஒரு மிஸ் வந்தார். சின்னப் பெண், நன்றாகத் தமிழ் பேசினார். மழையை அளக்க ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாயும், கையால் சுற்றுகிற சைரனும், மூன்று நிறத்தில் ஒரு பலகையும் கொண்டுவந்தார். காலை எட்டரைக்குக் குழாயைக் கொட்டிவிட்டு, அதற்குப் பிறகு சேருகிற மழையைப் பார்க்க வேண்டும். எழுபத்தைந்து மில்லிமீட்டர் என்றால் மஞ்சள், கவனமாக இரு. நூறு என்றால் செம்மஞ்சள், மூட்டையைக் கட்டு. நூற்றைம்பது என்றால் சிவப்பு, சைரனைச் சுற்றிவிட்டுக் கீழே பாடசாலைக்கு இறங்கு. ஒவ்வொரு தடவையும் குழாயைப் படம் எடுத்து ஆபீஸ் போனுக்கு அனுப்ப வேண்டும். யார் பொறுப்பெடுக்கிறீர்கள் என்று மிஸ் கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். என் வீடுதான் உச்சியில் இருக்கிறது, அதனால் எல்லோருக்கும் நிம்மதி.

வீடு உச்சியில் இருந்ததால் நான் கையைத் தூக்கவில்லை. பழைய தோட்டத்தில் என் தங்கச்சி பவானி கீழ்லயத்தில் இருந்தாள். ஒரு மழைநாள் காலையில் என் புருஷன் கான் துப்புரவு செய்யப் போனவர், அந்த லயத்துக்கு மேலே மலையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். நான் பவானிக்குப் போன் எடுத்தேன். பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விட்டார்கள், மாமியாரைக் கூட்டிக்கொண்டு நீயும் எங்கள் லயத்துக்கு வா என்றேன். அவளும் வெடிப்பைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"தோட்டத்து ஆபீஸ்ல இன்னும் ஒன்னும் சொல்லலியேக்கா."

அரை மணித்தியாலத்தில் மலை வந்தது. அவளையும் மாமியாரையும் இரண்டு நாள் கழித்து மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

ஆகவே சொல்கிறவள் ஒருத்தி வேண்டும் என்று நான்தான் கையைத் தூக்கினேன். அந்தப் பெருமை எனக்கு ஆறு மாதம் இருந்தது.

போன வைகாசியில் முதல் தடவை சைரனைச் சுற்றினேன். முப்பத்தெட்டு வீடும் இறங்கிப் பாடசாலையில் மூன்று நாள் கிடந்தோம். மலை அசையவில்லை. திரும்பி வந்து பார்த்தால் காட்டுப்பன்றி இறங்கி வற்றாளைக்கிழங்கையெல்லாம் கிண்டிப் போட்டிருந்தது. காவலுக்கு ஆள் இருந்தால் வெடி போட்டு விரட்டியிருப்பார்கள். ஐப்பசியில் இரண்டாம் தடவை இறங்கினோம். மலை அப்போதும் அசையவில்லை, இலை சுருண்டு வந்த கோவாவைக் குரங்குகள் குருத்தோடு பிய்த்துத் தின்றிருந்தன. என்னைக் கண்டால், "மலைய வரச் சொன்னா பன்னியில்ல வருது, கங்காணியம்மா?" என்று ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் சிரிக்கவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அதுதான் அதிகமாக வலித்தது.

இந்தத் தடவை எல்லோரும் போஞ்சி போட்டோம், கொடியில் காய்க்கிற பீன்ஸ்தான். திகனயிலிருந்து சின்ன லொறியில் மரக்கறி எடுக்க வருகிற பாரூக் நானா, மொத்தமாகப் போட்டால் மொத்தமாக எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். கம்பு வெட்டி நட்டு, கொடி ஏற்றி, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினோம். ராஜலிங்கம் தன் கான் வெட்டுகிற புத்தியில் பாத்திக்கு மேலே குறுக்காகக் கான் இழுத்து வைத்தார், மண் நின்றது. அறுபது நாளில் காய் நிறைந்து தொங்கியது. இங்கே வந்ததற்குப் பிறகு எனக்கு ஒரு செடியைப் பார்த்துச் சந்தோஷம் வந்தது அப்போதுதான்.

அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் என் புருஷன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"இதும் போச்சுன்னா நான் கொழும்புக்குப் போயிருவேன் புள்ள. கட்டடத்துல வாச்சர் வேல இருக்காம்."

"நானு?"

"நீ மழைய பாத்துக்கிட்டு இரு."

கோபத்தில் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார். மகன் திலீபன் ஏற்கெனவே கண்டியில் புடவைக் கடையில் நின்று, மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறான். இவரும் போனால் அந்த இரண்டு அறையில் நானும் சைரனும்தான். ஐம்பத்திரண்டு வயதில் முதுகு வளைந்த மனிதர், கொழும்பில் யாருடைய கேற்றையோ திறந்து மூடிக்கொண்டிருப்பார். அதை நினைத்துக்கொண்டே என் தட்டுச் சோற்றை அவர் தட்டில் போட்டேன்.

லொறி வருவது புதன்கிழமை. திங்கட்கிழமை மழை பிடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை பகல் பாரூக் நானா போன் எடுத்தார்.

"தங்கச்சி, மார்கட்ல போஞ்சே இல்ல. மழையில எங்கயும் ஆய ஏலாம ஈக்கிறாங்க. நாளைக்கி எப்பிடியாவது குடுத்தீங்கண்டா நல்ல வெல போட்டுத் தாறன். ஒங்கட ஆக்களுக்கும் சொல்லுங்க."

"மழ விடணுமே நானா."

"அல்லாஹ் விடுவான். நீங்க எங்கயும் எறங்கிப் போயிராதீங்க."

நனைந்த போஞ்சியைப் பையில் கட்டினால் ஒரே இரவில் கறுத்துவிடும். மழை விட்டதும் விடியக்காலையில் ஆய்ந்தால்தான் சரி. பகல் இரண்டு மணிக்குக் குழாயைப் பார்த்தேன். நூற்றிப் பதினெட்டு. படம் எடுத்து அனுப்பிவிட்டு, மூட்டையைக் கட்டுங்கள் என்று கீழ் வரிசை வீடுகளுக்குக் குரல் கொடுத்தேன். யாரும் வாசலுக்குக்கூட வரவில்லை. மூன்று மணிக்கு நூற்றி முப்பத்து நாலு. நாலு மணிக்குப் போனபோது என் புருஷனும் பின்னால் வந்து எனக்குக் குடை பிடித்தார். இரண்டு வருஷத்தில் அவர் மழைக்குழாய்ப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

நூற்றி ஐம்பத்திரண்டு.

குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன். நூற்றி ஐம்பத்திரண்டேதான். அவரும் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன், அந்தக் கோபத்தில் சைரனைச் சுற்றியிருப்பேன். அவர் பேசாமல் குடையை என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தார். அவர் தோளுக்குப் பின்னால் எங்கள் போஞ்சி தெரிந்தது. அதற்குக் கீழே எல்லோருடைய போஞ்சியும் தெரிந்தது.

நான் குழாயைத் தாங்கியிலிருந்து கழற்றிச் சாய்த்தேன். வாய் கொப்பளிக்கிற அளவு தண்ணீர்தான். திரும்ப மாட்டிப் பார்த்தால் நூற்றி முப்பத்தெட்டு. படம் எடுத்து அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று ஆபீஸிலிருந்து உடனே வந்தது.

கீழேயிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. "எத்தனக்கா?"

"நூத்தி முப்பத்தெட்டு."

ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் சாத்தப்பட்டன, அடுப்புப் புகை கிளம்பியது. கீழ் வரிசைத் தர்ஷிகாவின் எட்டு மாதப் பிள்ளை அழுகிற சத்தம் மட்டும் மழையில் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்குப் பார்த்தபோது நூற்றி நாற்பத்தொன்பது. கொட்டிய பதினாலையும் சேர்த்தால் நூற்றி அறுபத்து மூன்று. மறுபடி கொட்ட வேண்டியதில்லையே என்று சாமியைக் கும்பிட்டேன், வெட்கமில்லாமல். ஏழு மணிக்கு மழை விட்டது. படுத்தேன் என்று பெயர். மலை வந்தால் முதலில் வருவது என் வீட்டுக்குத்தான், அதுகூட ஆறுதலாக இருக்கவில்லை. எனக்குப் பிறகு முப்பத்தேழு வீடு இருக்கிறது.

மலை வரவில்லை. விடிந்ததும் வெயில் அடித்தது. முப்பத்தெட்டு வீட்டு ஆட்களும் இறங்கிப் போஞ்சி ஆய்ந்தோம், கொழுந்து எடுத்த கைகள், பத்து மணிக்குள் எல்லாம் பையில் இருந்தது. பாரூக் நானா சொன்ன விலையைவிடக் கூட்டியே போட்டார். "ஒங்கட கங்காணியம்மாவுக்கு ஒரு சாரி எடுத்துக் குடுங்க" என்று லொறியில் ஏறும்போது கத்தினார், எல்லோரும் சிரித்தார்கள், பெண்களும் சிரித்தார்கள். என் புருஷன் அன்று பின்னேரம் கொழும்புக்குப் போன் எடுத்து, வாச்சர் வேலைக்கு வரவில்லை என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அடுத்த மூன்று நாளும் என் வாசலில் போஞ்சி வந்து விழுந்தது. என்னிடம் இல்லாத பொருளா? ஆனாலும் வீட்டுக்கு ஒரு பிடி கொண்டுவந்து, படியில் வைத்துவிட்டுப் போனார்கள். லயத்தில் இருந்த காலத்தில் கொல்லையில் எது காய்த்தாலும் முதல் பிடி கங்காணி வீட்டுக்குப் போகும். அவர் ஏதாவது கண்டும் காணாமல் விட்டிருப்பார், அதற்குத்தான். நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. மனசு ஆறி எல்லோரும் பழையபடி பழகுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, வாடிய போஞ்சியை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

நாலாம் நாள் தர்ஷிகா வந்தாள். அவள் புருஷன் மத்திய கிழக்கில் இருக்கிறான், அவளும் பிள்ளையும் கீழ் வரிசையில் கடைசி வீடு. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, போஞ்சியைப் படியில் வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"என்ன புள்ள?"

"ஒன்னுமில்லக்கா. அன்னைக்கு நீங்க செஞ்சது பெரிய உதவி."

"நான் என்னத்த செஞ்சேன்?"

அவள் அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மிஸ் சொல்லிக் குடுத்தப்ப நானும் ஒரு பால்மா டின்னுல கோடு போட்டு வச்சிருக்கேன்க்கா. அத வெளியில வச்சிருந்தேன். நாலு மணிக்கு நூத்தம்பது கோட்ட தாண்டிருச்சு."

என் கையிலிருந்த போஞ்சியைச் சுளகில் போட்டேன். "யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும்தான். கீழ் வரிச முழுக்க வந்து டின்ன பாத்துட்டுப் போனாங்க. நீங்க நூத்தி முப்பத்தெட்டுன்னு சொன்னதும் சிரிச்சுக்கிட்டே உள்ள போயிட்டாங்க."

"தெரிஞ்சுமா இருந்தீங்க? இந்தப் புள்ளையயும் வச்சுக்கிட்டு?"

தர்ஷிகா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். நான் கேட்ட கேள்விதான் அவளுக்கு விளங்கவில்லை.

"நீங்க சொல்லலியேக்கா."

பிள்ளை என் காதுத் தோட்டைப் பிடிக்கக் கையை நீட்டியது. நான் பிடிக்கவிட்டேன். பவானியின் குரல் எனக்கு மறந்துபோயிருந்தது, எவ்வளவு யோசித்தாலும் வராது. அன்றைக்கு வந்தது. தர்ஷிகா போன பிறகு, சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் என் புருஷனிடம் அலவாங்கைக் கொடுத்து, குழாய் நட்ட கம்பைப் பிடுங்கச் சொன்னேன். அவர் உடனே எழுந்து பிடுங்கினார். கீழ் வரிசைக்கும் மேல் வரிசைக்கும் நடுவில், எல்லோரும் தண்ணீர் பிடிக்க வருகிற பைப்படியில் குழி தோண்டி நட்டோம். மூன்று நிறப் பலகையையும் பக்கத்திலேயே ஆணியடித்தோம். சைரனை அதற்குக் கீழே ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டுப் போடாமல் விட்டோம். தண்ணீருக்கு வந்த பெண்களிடம் சொன்னேன். "இனிமே யாரு வேணும்னாலும் பாக்கலாம், யாரு வேணும்னாலும் சுத்தலாம். என்கிட்ட கேக்க வேண்டியதில்ல." சரிக்கா, சரிக்கா என்று தலையாட்டினார்கள்.

அடுத்த போகத்துக்கும் போஞ்சிதான் போட்டோம். கொடி கம்பில் பாதி ஏறியிருக்கும்போது மழை வந்தது. காலையிலிருந்து ஓயாத மழை. நான் வேண்டுமென்றே வீட்டை விட்டு இறங்கவில்லை. பதினொரு மணிக்கு ஒருவர் வந்து கதவைத் தட்டி, எத்தனக்கா என்றார். பைப்படியில் இருக்கு, போய்ப் பாருங்க என்றேன். பைப்படி வழியாகத்தான் வந்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். பகல் ஒரு மணிக்குத் தர்ஷிகா பிள்ளையைத் துவாயில் சுற்றிக்கொண்டு குடையோடு ஏறி வந்தாள்.

"எத்தனக்கா?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கினேன். பைப்படியில் குழாய்க்கு முன்னால் அவளை நிறுத்தினேன்.

"நீ பாத்துச் சொல்லு."

குனிந்து பார்த்தாள். படித்த பெண், ஓ.எல். பரீட்சை பாஸ். "நூத்தி நாலு" என்று சரியாகச் சொன்னாள். பலகை அவள் முகத்துக்கு நேராக இருந்தது. செம்மஞ்சள் கட்டத்துக்குள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருந்தது, பெரிய எழுத்தில். அவள் அதையும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப என்னக்கா செய்யணும்?"

மழை குடையில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு வரிசையிலும் ஜன்னல்களில் ஆட்கள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் புருஷனும் எங்கள் வாசலில் நின்றார்.

"மூட்டையக் கட்டு" என்றேன்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை அணைத்துக்கொண்டு அவள் கட்டுவதற்கு ஓடினாள்.